கப்பல் வரும் நாளில் காப்பு

முதல் நாள், காலை 6.10. போர்ட் பிளேர், ஹேடோ துறைமுகம். அரசாணையில் ஊரின் பெயர் மாறிவிட்டது. ஆட்டோக்காரரும் டிக்கெட் கவுண்டர்காரரும் என் தோழி ரேவதியும் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. பத்துபஸ்தியில் ரேவதி வீட்டிலிருந்து இங்கே வர ஆட்டோவுக்கு 180 ரூபாய். தீவுகளின் தென்கோடியில் இருக்கும் கேம்பல் பேக்குக் கப்பலில் பங்க் படுக்கை டிக்கெட் 1,240 ரூபாய். அது மெயின்லேண்டுக்காரர்களுக்கான விலை. தீவு அடையாள அட்டை உள்ளவர்களுக்கு அதில் கால் பங்குகூட இல்லை. கடல்வழித் தூரம் சுமார் 540 கிலோமீட்டர். பருவக்காற்றுக் காலம் என்பதால் எத்தனை மணி நேரமாகும் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

என் பையில் இருந்தவை: ஐந்து செட் உடை, ஒலிப்பதிவுக் கருவி, இருபது ஒப்புதல் படிவங்கள், வாந்தி மாத்திரை இரண்டு அட்டை, ரேவதி தன் அக்காவுக்குக் கொடுத்தனுப்பிய மாவடு ஒரு பாட்டில்.

எதற்குப் போகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் கோவில்பட்டிக்காரி. கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் தொழிற்சாலை ஒன்றில் நான்கு ஆண்டுகள் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். இப்போது ஸ்காட்லாந்தில் மதவியல் முதுகலை படிக்கிறேன். எங்கள் வகுப்பில் பதினொரு பேர், ஏழு நாடுகள். ஆய்வேடு எழுதக் களப்பணிக்கு மூன்று வாரம் விடுப்பு கொடுத்திருந்தார்கள்.

என் ஆய்வுக் கேள்வி ஒரு வரிதான். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் ஊரில் இது சிரமமே இல்லை. ஏழு நாள் பேருந்து ஏறாமல் இருந்தால் போதும். கேம்பல் பேயிலிருந்து வெளியே போகக் கப்பலை விட்டால் பெரும்பாலும் வழியில்லை. ஆஸ்பத்திரி, கல்லூரிச் சேர்க்கை, கல்யாணம் எல்லாம் அந்தக் கப்பலில்தான் ஏற வேண்டும். அதுவோ சொன்ன நாளில் வராது. காப்புக் கட்டிய பிறகு கப்பல் வந்துவிட்டால் அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மாணவியான நான் குறித்த நாளில் பல்கலைக்கழகத்தில் நேரில் நின்று வருகையைப் பதிய வேண்டும். தவறினால் விசா அலுவலகத்துக்குத் தகவல் போகும். விசா போனால் படிப்பும் போகும். அந்த நாள் இந்தப் பயணத்தின் பதினேழாம் நாள். அட்டவணை இப்படி: மூன்றாம் நாள் கேம்பல் பே, ஐந்தாம் நாள் காப்புக் கட்டு, பதினொன்றாம் நாள் திருவிழா நிறைவு, பன்னிரண்டாம் நாள் திரும்பும் கப்பல். நடுவே இரண்டு நாள் மிச்சம் வைத்திருந்தேன்.

மாலை 4.00. கீழ்த்தளத்தில் பங்க் வரிசை. எதிர்ப் படுக்கையில் காஜா பாய். ஐம்பது வயதிருக்கும், பூர்வீகம் கீழக்கரை, கேம்பல் பேயில் ஃபேன்சி கடை. என்னிடம் பிஸ்கட்டை நீட்டிவிட்டுக் கேட்டார்.

“மெயின்லேண்டாம்மா?”

“ஆமா பாய். இப்போ ஸ்காட்லாந்துல படிக்கிறேன்.”

“டாக்டருக்கா?”

“மதங்களைப் பத்தி.”

“எந்த மதம்?”

“எல்லாந்தான்.”

கொஞ்சம் யோசித்தார். “அது என்னம்மா, எல்லாக் கடையிலயும் ஏறி எறங்கிப் பாத்துட்டு ஒண்ணும் வாங்காமப் போற மாதிரியா?”

“சில பேர் வாங்குவாங்க பாய்.”

“நீங்க?”

“இன்னும் விசாரிச்சிட்டிருக்கேன்.”

சிரித்துவிட்டு, சரக்கு அறையில் தன் மூன்று பெட்டிகள் இருப்பதாகச் சொன்னார். காப்புக் கயிறு, மஞ்சள் தூள், கற்பூரம். “மாரியம்மன் கோயில் சாமான் பூரா நம்ம கடைதான். கப்பல் லேட்டானா பூசாரி எனக்குத்தான் போன் போடுவாரு, மால் ஆயா க்யா, சரக்கு வந்துச்சான்னு.”

நான் என் கேள்வியை அவரிடமே கேட்டுப் பார்த்தேன். “அதப் பொம்பளைங்ககிட்டக் கேளுங்க. நான் கயிறு விக்கிறவன்,” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள். விடிந்தபோது கார் நிக்கோபாரின் கப்பல் துறையில், இவர்கள் சொல்லும் ஜெட்டியில், நின்றிருந்தோம். விமானப்படைக்காரர்கள் குடும்பத்தோடு இறங்கினார்கள். தேங்காய் மூட்டைகள் ஏறின. மதியம் கமோர்ட்டா. அதன் பிறகு கடல் எங்களை உருட்டத் தொடங்கியது. மாத்திரையில் ஓர் அட்டை தீர்ந்தது.

மூன்றாம் நாள், காலை 7.30. கேம்பல் பே. ரேவதியின் அக்கா வசந்தா ஸ்கூட்டியோடு ஜெட்டியில் நின்றார். அரசு சுகாதார நிலையத்தில் செவிலியர். அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, திருமங்கலம் பக்கத்திலிருந்து வந்து இங்கே நிலம் பெற்றுக் குடியேறியவர். நான் வணக்கம் சொல்லும் முன்பே, “மாவடு ஒடையாம வந்துச்சா?” என்று கேட்டார். உடையவில்லை என்றதும் முகம் தெளிந்தது. “அப்ப ஏறு.”

அன்றும் மறுநாளும் பதினான்கு பெண்களிடம் பேசினேன். சமையற்கட்டில், ரேஷன் கடை வரிசையில், சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக்குக் காத்திருக்கும் பெஞ்சில். படிவத்தில் ஆறாவது கேள்வி: காப்புக் கட்டிய பிறகு கப்பல் வந்தால் போவீர்களா?

“போக மாட்டோம்.”

“அவசரமாப் போக வேண்டியிருந்தா?”

“காப்புக் கட்டினா கட்டுனதுதான். ஆத்தா விட மாட்டா.”

பதினான்கு பேரும் ஒரே பதில். ஒருவருடைய இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே வசந்தா அக்காவும் அதையேதான் சொன்னார். சோதனைப் பிரிவில் பதினான்கு பம்பும் ஒரே எண்ணைக் காட்டினால் முதலில் மீட்டரைச் சந்தேகிப்போம். இங்கே எதைச் சந்தேகிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள், காலை 6.00. ஆடிச் செவ்வாய். கோயில் என்றால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, முன்னால் வேம்பு, எதிரே கடல். பூசாரி முருகேசன் அண்ணன் மின்துறையில் லைன்மேன். விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். முளைப்பாரிக்கு ஒன்பது மண்சட்டிகளில் எருவும் மண்ணும் நிரப்பி வைத்திருந்தார்கள். சட்டிக்கு ஒருத்தி காப்புக் கட்டி, ஏழு நாள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் பயறு வளர்த்து, கடைசி நாள் தலையில் சுமந்துபோய்க் கடலில் விட வேண்டும். அந்த ஏழு நாளும் மீன், கறி கூடாது.

வசந்தா அக்காவையும் சேர்த்து எட்டுப் பேர்தான் நின்றார்கள். ஒன்பதாவதான பத்மா அக்கா நான் வந்த கப்பலில் வந்திருக்க வேண்டியவர்; போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் அவருடைய அம்மாவுக்கு இன்னும் டிஸ்சார்ஜ் ஆகவில்லை.

“எட்டச் சுமந்துட்டு எப்படிப் போறது? ஒத்தப்படையா வேணுமே,” என்றார் பூசாரி.

யாரும் என்னைக் கேட்கவில்லை. வசந்தா அக்கா என்னைப் பார்த்துவிட்டு உடனே பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். கூட நில், கூடச் செய்யாதே என்று எங்கள் பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். நான் மனதுக்குள் நாள் கணக்குப் போட்டேன். பதினொன்றில் திருவிழா முடிகிறது, பன்னிரண்டில் கப்பல். பதிவுக் கருவியை அணைத்துப் பையில் போட்டுவிட்டு வலது கையை நீட்டினேன்.

அடுத்த நாள்களில் காலை ஐந்தரைக்கு எழுந்து குளித்து, ஈரத் தலையோடு போய் என் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் காலையில் வெள்ளை முளைகள் மண்ணைத் தூக்கிக்கொண்டு எழுந்திருந்தன. நீ நம்புகிறாயா என்று ஸ்காட்லாந்தில் என்னைக் கேட்காதவர்கள் இல்லை. இங்கே ஒருவரும் கேட்கவில்லை. தண்ணி ஊத்தினியா, மீன் வாடை பட்ட தட்டுல சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டார்கள். இரண்டுக்கும் என்னிடம் சரியான பதில் இருந்தது. அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்ததை எழுதத்தான் வேண்டும்.

எட்டாம் நாள், மாலை 5.15. ஊர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. கடல் மோசமாவதால் பன்னிரண்டாம் நாள் கப்பல் ரத்து. நாளை காலை ஒரு கப்பல் வரும், மதியம் ஒன்றுக்குத் திரும்பும். அதற்குப் பிறகு பத்து நாளாவது ஆகும்.

என் நோட்டில் எழுதிப் பார்த்தேன். இருந்தால், பதினேழாம் நாள் வருகைப் பதிவு இல்லை, படிப்பு போகலாம். போனால், காப்பை அறுக்க வேண்டும். எட்டுப் பேரின் திருவிழாவை நடுவில் அறுப்பதும் அதுதான். ஹெலிகாப்டர், நோயாளிகளுக்கு முதலிடம். அந்த இடத்தைக் கேட்க எனக்கு வாய் வராது. நான்காவதாக ஒன்றும் தோன்றவில்லை.

வசந்தா அக்கா பணி முடிந்து வந்ததும் சொன்னேன். “நான் இருந்துடறேன் அக்கா. பேராசிரியருக்கு மெயில் போடறேன்.”

“போட்டா ஒத்துக்கிருவாகளா?”

“தெரியல.”

“விசா?”

நான் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் எனக்குத் தோசை வார்த்துப் போட்டார். மூன்றாவது தோசையைத் திருப்பும்போது என்னைப் பார்க்காமலே சொன்னார்: “சாப்ட்டுட்டுப் பையக் கட்டு.”

“காப்பு?”

“அத ஜெட்டில பாத்துக்கலாம். இங்க என்ன, காப்போட கப்பல் ஏறுன மொத ஆளு நீதான்னு நெனச்சியா?”

எனக்குக் கோபம் வந்தது. “அக்கா, பதினாலு பேர்கிட்டக் கேட்டேன். உங்ககிட்டயும் கேட்டேன். எல்லாரும் போக மாட்டோம்னு சொன்னீங்களே.”

“கேட்டா அப்படித்தான் சொல்லணும். போகலாம்னு மொதல்லயே சொல்லிட்டா எவ இருப்பா?” தோசையை என் தட்டில் வைத்தார். “நீயும் இப்ப இருக்கேன்னுதான சொன்ன. அதச் சொன்னதுனாலதான் பையக் கட்டச் சொல்றேன்.”

ஒன்பதாம் நாள், காலை 11.00. எட்டுப் பெண்களும் ஜெட்டிக்கு வந்துவிட்டார்கள். முருகேசன் அண்ணன் மின்துறைச் சீருடையிலேயே, கையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு நின்றார். முறையை வழியில் வசந்தா அக்கா சொல்லியிருந்தார். ஏறுகிறவள் காப்பை, கப்பலிலிருந்து இறங்குகிறவள் வாங்க வேண்டும். ஊரில் ஏற்கெனவே இருப்பவள் வாங்கக் கூடாது. அப்போதுதான் வந்தவளாக இருக்க வேண்டும், திருவிழா முடியும்வரை போகாதவளாகவும் இருக்க வேண்டும். பத்மா அக்காதான் வாங்குவதாக இருந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் குறையாததால் அவர் இந்தக் கப்பலில் ஏறவே இல்லை என்று இன்று காலையில்தான் போனில் தெரிந்தது.

11.20க்கு ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். முதலில் ஜவான்கள். பிறகு ஓர் ஆசிரியை, தோளில் கைக்குழந்தை. “பச்சப்புள்ளக்காரி, வேண்டாம்,” என்றார் ஒருவர். அடுத்து இரண்டு இளம்பெண்கள். “அவளுக லீவுக்கு வந்திருக்காளுக. நாளைக்கே ஹெலிகாப்டர் சீட்டுக்கு நிப்பாளுக.” ஒப்பந்ததாரர்கள், ஒரு பாதிரியார், வங்காளிக் குடும்பம் ஒன்று. அந்தக் குடும்பத்து அம்மாள் எங்கள் கைகளைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, வீட்டில் நாளைக்கு மாமனார் திதி என்று தானாகவே மன்னிப்புக் கேட்டார். ஏணி காலியானது. கிரேன் சரக்கை இறக்க ஆரம்பித்தது. 12.10க்கு, பயணிகள் ஏறலாம் என்று ஹிந்தியில் அறிவித்தார்கள்.

“ஏறலைன்னா பரவாயில்ல அக்கா,” என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வசந்தா அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அப்போது சரக்குப் பக்கத்திலிருந்து காஜா பாய் கத்தினார்: “வசந்தா, பின்வாசல் பாரு! ஹர்ஜீத் ஆன்ட்டி!”

ஹர்ஜீத் ஆன்ட்டியின் வீடு வசந்தா அக்கா வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி. பஞ்சாபிலிருந்து வந்த ராணுவக் குடும்பம். குழந்தையாக வந்தவர், தமிழர்களோடு வளர்ந்தவர். ஒரு கன்னம் வீங்கியிருக்க, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். எங்களைப் பார்த்து நின்றார்.

“க்யா ஹுவா? எல்லாம் என்னைய வரவேற்கவா வந்தீங்க?”

“காப்பு மாத்தணும் ஆன்ட்டி. நீங்க எங்கயும் போகலையே?”

“எங்க போறது? மூணு பல்லு பிடுங்கிட்டான். இனி போர்ட் பிளேர் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்.”

“இன்னைக்குச் சேத்து மூணு நாளு மீன் கூடாது.”

“அரே, டாக்டர் ஒரு வாரம் கஞ்சின்னு சொல்லிட்டான். மச்லி எங்க திங்கிறது? ஜல்தி தே தோ, சீக்கிரம் குடுங்க, நிக்க முடியல.”

என் காப்பை அறுக்கவில்லை. வசந்தா அக்கா இரண்டு விரலால் மெல்ல உருட்ட, முடிச்சு அவிழாமலே அது என் கையை விட்டு வழுக்கி வந்தது. எங்கள் ஊரில் காப்பை இறுக்கி மூன்று முடிச்சுப் போடுவார்கள். திருவிழா முடிந்து கத்தரித்தால்தான் வரும். இங்கே எட்டுப் பேர் கையிலும் அது வளையல் போலத் தொங்குவதை அப்போதுதான் கவனித்தேன். ஹர்ஜீத் ஆன்ட்டியின் கை பெரிது. கொஞ்சம் திணறி ஏறியது. பூசாரி எங்கள் இருவர் கை மீதும் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்.

“ஆன்ட்டி, உங்களுக்கு இதுல ஒண்ணும் சங்கடமில்லையே?” என்று கேட்டேன். வகுப்பில் படித்த கேள்வி.

“உனக்குப் போணும். எனக்குப் போக வேண்டாம். பஸ், அவ்வளவுதான்,” என்றார்.

“நான் இத எழுதலாமா?”

“எழுது, எழுது. பல்லு விஷயம் மட்டும் எழுதாத.”

(பல் விஷயத்துக்கும் பின்னர் போனில் அனுமதி வாங்கிவிட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.)

ஏணியில் ஏறும்போது யாரும் கையசைக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். எட்டுப் பேரும் ஹர்ஜீத் ஆன்ட்டியைச் சுற்றி நின்று, சட்டிக்கு எத்தனை செம்பு ஊற்ற வேண்டும் என்று ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பத்தாம் நாள். கடலில். மிச்சமிருந்த படிவங்களில் ஒன்றை எடுத்தேன். பதினைந்தாவது படிவம். பெயர் நித்யா, வயது இருபத்தேழு, பங்கேற்பதற்கு ஒப்புதல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆறாவது கேள்வியில் பேனா நின்றது. நான் கப்பலில்தானே உட்கார்ந்திருக்கிறேன். அதைக் காலியாக விட்டு மடித்து வைத்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் மீன் குழம்பு 90 ரூபாய், பருப்புச் சோறு 60. நான் பருப்பு வாங்கினேன்.

பதினொன்றாம் நாள், மாலை 4.40. பத்துபஸ்தி. காலையில்தான் இறங்கினேன். விமானச் சீட்டுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. ரேவதி வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது வசந்தா அக்காவின் அழைப்பு.

“பேசாத. கேளு,” என்று சொல்லிவிட்டு போனை உயர்த்திப் பிடித்தார் போலும். முதலில் அலைச் சத்தம், பிறகு குலவை. முளைப்பாரி கடற்கரைக்கு வந்துவிட்டது. காப்புக் கழற்றும் முன் பூசாரி ஒன்பது பெயரையும் கூப்பிட்டார்.

“வசந்தா.”

“இருக்கேன்.”

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல். ரேவதி துணிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் அருகில் வந்து காதைச் சாய்த்தாள். எட்டுப் பெயர் முடிந்தது.

“நித்யா.”

மாடியில் நின்ற நான் வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அங்கிருந்து, பல் போன வாயின் காற்றோடு, அழுத்தமாக ஒரு குரல் வந்தது.

“இருக்கேன்.”

யாரும் சிரிக்கவில்லை. பூசாரி அடுத்த வேலைக்குப் போய்விட்டார். குலவை மறுபடி எழுந்தது. சட்டிகள் தண்ணீரில் இறங்குகின்றன என்று ரேவதி எனக்குச் சொன்னாள். அருகிலிருந்த விமான நிலையத்திலிருந்து ஒரு விமானம் கிளம்பி எங்கள் தலைக்கு மேல் போனது. அது போய் முடிவதற்குள் அங்கே போன் வைக்கப்பட்டுவிட்டது.

கோவில்பட்டியில் இதைச் சொன்னால் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார். அங்கே ஒருத்தியின் காப்பு அவளோடுதான். ஊரைவிட்டுப் போகவும் வரவும் பேருந்து இருப்பதால் அங்கே விதி இறுக்கமாக இருக்க முடிகிறது என்று இப்போது நினைக்கிறேன். ஸ்காட்லாந்திலும் அப்படித்தான். பதினேழாம் நாள் வருகைப் பதிவு மேசையில் நானேதான் போய் நிற்க வேண்டும். எனக்காக இன்னொருத்தி பதில் சொல்ல முடியாது. போய் நிற்பேன். அங்கே ஒருத்தி நிற்கட்டும் என்றுதான் இங்கே ஒருத்தி கஞ்சி குடித்துக்கொண்டு நின்றாள்.

கீழே போய்ப் பையிலிருந்து பதினைந்தாவது படிவத்தை எடுத்தேன். காப்புக் கட்டிய பிறகு கப்பல் வந்தால் போவீர்களா? இந்த முறை பேனா நிற்கவில்லை.

போக மாட்டேன் என்று எழுதி, மற்ற பதினான்கோடு சேர்த்து வைத்தேன்.